ஐந்தாவதாக மட்டை பிடித்தவர்: 33 இன்னிங்ஸ் ஆட்டத்தில் டேவ் கோசா

வாசகர் கேள்வி (ஏப்ரல் 18, 2025)

தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டமான 1981 பாட்டக்கெட் ஆட்டம் என்றாலே வேட் பாக்ஸ், கால் ரிப்கன் என்று இரண்டு பெயரைத்தான் சொல்கிறார்கள். ஜெயிக்கவைத்த அடியை அடித்த டேவ் கோசா மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) பக்கமே போகவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்து ஒரே ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போகும் அடி). குருட்டு அதிர்ஷ்டம்தானே? பேஸ்பால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 18, இரவு 11.20

இல்லை. 14 முறை மட்டை பிடித்து 5 ஹிட், அதாவது அடித்துப் பத்திரமாக பேஸுக்குப் போனது ஐந்து முறை. அந்த ஆட்டத்தில் அவரைவிட அதிகமாக யாரும் அடிக்கவில்லை. பாக்ஸ் 12க்கு 4. ரிப்கன் 13க்கு 2. பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பெரிய வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) போன இரண்டு பேரையும் அன்றைக்குத் தாண்டியவர் இந்த ஃபர்ஸ்ட் பேஸ்காரர்தான். 33வது இன்னிங்ஸில் எதிரணியான ரோசெஸ்டரின் கிரில்லி போட்ட பந்தை இடது பக்கம் அடித்தார், பாட்டக்கெட்டின் மார்ட்டி பாரெட் ஓடி வந்தார், 3-2. முடிந்தது.

ஏப்ரல் 18, இரவு 11.45

மேலே ஒரு தப்பு. அடி வாங்கியவர் கிரில்லி இல்லை, ஸ்டீவ் ஸ்பெக். தோல்வி மட்டும் ஸ்டீவ் கிரில்லியின் கணக்கில். ஓடி வந்த பாரெட்டை பேஸில் ஏற்றியது கிரில்லி. பந்து பாரெட்டின் உடம்பில் பட்டு ஓசியில் பேஸ் கிடைத்தது. யார் ஏற்றிவிட்டாரோ அந்த ரன் அவர் தலையில்தான் எழுதப்படும். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. கிரிக்கெட்டில் ரன் கொடுக்கும்போது பந்து யார் கையில் இருந்ததோ அவர்தான் பழி ஏற்க வேண்டும். இங்கே வெளியே போய் உட்கார்ந்த பிறகும் கடன் துரத்தும்.

இதில் இன்னொரு வேடிக்கை: ஏப்ரலில் ஆட்டம் தொடங்கிய இரவில் கிரில்லி ரோசெஸ்டர் அணியிலேயே இல்லை. தான் இல்லாத நாளில் தொடங்கிய ஆட்டத்தில் தோற்றவர் என்று அவர் பெயர் நிற்கிறது.

ஏப்ரல் 19, காலை 6.10

தூக்கம் வரவில்லை. ஆட்டம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பேஸ்பால் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்; அப்போதும் சமமாக இருந்தால் ஒருவர் ஜெயிக்கும்வரை நீளும்.

ரோட் ஐலண்ட் மாநிலம், பாட்டக்கெட் ஊர், மெக்காய் ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கீழே இருந்த ட்ரிபிள்-ஏ அணி பாட்டக்கெட். பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கீழே ரோசெஸ்டர். ட்ரிபிள்-ஏ என்பது மேஜர் லீக் வாசலுக்கு முந்தின படி. 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு. விளக்கு எரியாமல் அரை மணி தாமதம். 1,740 பேர் வந்திருந்தார்கள். ஏழாவது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ஒரு ரன். ஒன்பதாவதில் பாட்டக்கெட் ஒன்று எடுத்துச் சமன். அப்புறம் பதினோரு இன்னிங்ஸுக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. 21வதில் ஆளுக்கொன்று. அதற்குப் பிறகும் ஒன்றுமில்லாமல் 32வது இன்னிங்ஸ் வரை போய், அதிகாலை 4.07க்கு நிறுத்தினார்கள். அப்போது பார்வையாளர் பகுதியில் மிச்சம் 19 பேர். சிவராத்திரிக்குக் கண் விழிப்பவர்களில்கூட பாதிப் பேர் நடுச்சாமத்தில் சாய்ந்துவிடுவார்கள். இவர்கள் 19 பேரும் உறைபனிக் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

மிச்ச ஆட்டம் ஜூன் 23 அன்று. அதற்கு 5,746 பேர். 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. மொத்தம் 8 மணி 25 நிமிடம்.

ஏப்ரல் 19, காலை 9.30

நான் ஏன் கோசாவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தக் கதைதான்.

ஊரில் இருந்தபோது கிளப் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். மைதான ஓரத்தில் ஒரு ஆடும் மேசை, இரண்டு பேனா, மத்தியானச் சாப்பாடு. அந்த வேலையில் ஆட்டத்தைப் பார்க்கவே முடியாது, எழுதத்தான் முடியும். இங்கே வந்த புதிதில் மெக்காய்க்குப் போனபோது கை சும்மா இருக்கவில்லை. இரண்டு அணியையும் எழுதப் பார்த்துக் குழம்பினேன். பிறகு ஒரு வழி செய்துகொண்டேன்: ஒரே ஒரு ஆளை மட்டும் எழுதுவது. மட்டை பிடிக்கும்போது, ஃபீல்டிங்கில், பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பும்போது, எல்லாமே.

முதலில் நான் பிடித்த ஆளும் ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்காரர்தான். 4க்கு 0. பேப்பரில் பார்த்தால் அன்றைக்கு அவர் மைதானத்துக்கே வரவில்லை என்று சொல்லலாம். என் தாளில் அவர் பெயருக்கு எதிரே இடமே இல்லாமல் போயிற்று. இன்ஃபீல்டில் உருண்ட பந்து அத்தனையும் கடைசியில் அவரிடம் வந்தது. ஒரு எறி தரையில் பட்டுத் துள்ளி வந்தது, ஒரு கால் பேஸில் இருக்க உடம்பைக் கம்பாக நீட்டி எடுத்தார். யாரும் கைதட்டவில்லை. எறிந்த ஷார்ட்ஸ்டாப்புக்குத்தான் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) கைதட்டல்.

அப்போது எட்டு வயசு என் மகளுக்கு. "அப்பா, அவர் ஒண்ணுமே பண்ணலையே, ஏன் அவரையே பார்க்கிறீங்க?" என்றாள். பதில் சொல்வதற்குள் அவள் வாளி விடப் போய்விட்டாள்.

ஏப்ரல் 19, காலை 9.50

வாளியா என்று கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். மெக்காயில் வீரர்கள் உட்காரும் டக்அவுட் நம் காலுக்கு நேர் கீழே, பள்ளத்தில் இருந்தது. எட்டி ஆட்டோகிராஃப் வாங்க முடியாது. அதனால் பிள்ளைகள் பால் கேனை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். வீரர் கையெழுத்துப் போட்டதும் இழுக்க வேண்டியது. கிணற்றில் தண்ணீர் இறைத்த கைக்கு அது பார்த்ததும் புரிந்துவிட்டது. எப்போது இழுக்க வேண்டும் என்று கயிறே சொல்லும்.

ஏப்ரல் 20, இரவு 10.05

சரி, கோசாவுக்கு வருவோம். வரிசையில் அவர் ஐந்தாவது. மூன்றாவது சிக்கோ வாக்கர், நான்காவது ரஸ் லாரபி, ஐந்தாவது கோசா, ஆறாவது பாக்ஸ். இந்த நான்கு பெயரையும் மனதில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள். பாட்டக்கெட் எடுத்த மூன்று ரன்னும் இந்தப் பகுதியிலிருந்துதான் வந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸ்: வாக்கர் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடிக்கிறார், கேட்சர் கைக்கு அகப்படாமல் போன பந்து ஒன்றில் மூன்றாவது பேஸுக்குப் போகிறார், லாரபி உயரே தூக்கி அடித்துத் தான் அவுட் ஆகி அவரை உள்ளே கொண்டுவருகிறார். 1-1. அடுத்த ஆள் கோசா. அங்கேயே ஒன்றைச் சுவருக்கு வெளியே தூக்கியிருந்தால் எல்லோரும் நல்ல நேரத்தில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடிக்கவில்லை. எல்லோரும் "வரலாறு" என்று சொல்வது அங்கேதான் தொடங்குகிறது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அடிக்கவில்லை. பழியைப் பங்கு போடலாம்.

21வது: மேல்பாதியில் (வந்த அணி முதலில் மட்டை பிடிக்கும் பாதி) ரோசெஸ்டர் கேட்சர் டேவ் ஹப்பர்ட் டபுள் அடித்து 2-1 ஆக்கிவிட்டார். கீழ்ப்பாதியில் கோசா டபுள். பின்னாலேயே பாக்ஸ் டபுள். கோசா ஓடி வந்து 2-2. எல்லோருக்கும் நினைவிருப்பது பாக்ஸின் டபுள். ஏனென்றால், அணிக்காரர்கள் தன்னைக் கட்டிப்பிடிப்பார்களா அடிப்பார்களா என்று தெரியவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த டபுளில் யார் ஓடி வந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாவது பேஸில் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் டபுள்தான்.

33வது: பாரெட் மேல் பந்து படுகிறது. வாக்கர் சிங்கிள், பாரெட் மூன்றாவது பேஸில். லாரபிக்கு அடிக்க முடியாத பந்தாகப் போட்டு, வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடத்தி அனுப்புகிறார்கள். பேஸ் மூன்றும் நிறைந்துவிட்டது, யாரும் அவுட் இல்லை. கிரில்லி வெளியே, ஸ்பெக் உள்ளே. கோசா, இடது பக்கம் சிங்கிள்.

ஆக, மூன்று ரன்னில் ஒன்றில் அவர் ஓடினார், ஒன்றை ஓடவைத்தார். ஒரே ஒரு சிங்கிள் என்று கேள்வியில் இருக்கிறது. நான் எண்ணியது இது.

ஏப்ரல் 20, இரவு 10.30

லாரபி விஷயம் ஒன்று விட்டுப்போச்சு. அந்த ஆட்டத்தில் அவர் 11க்கு 0, அதில் ஏழு ஸ்ட்ரைக்அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட்). அப்படிப்பட்டவரைச் சும்மா நடக்கவிட்டு, அதுவரை 13க்கு 4 அடித்திருந்த கோசாவோடு மோதத் துணிந்தது ரோசெஸ்டர். முதலில் படித்தபோது சிரித்தேன். யோசித்தால் அது முட்டாள்தனம் இல்லை. பேஸ் மூன்றும் நிறைந்திருந்தால் ஹோமில் ஆளைத் தொட வேண்டாம், பேஸை மிதித்தால் போதும், அவுட். ஜெயிக்கும் ரன் மூன்றாவது பேஸில் நிற்கும்போது அது வழக்கமாகச் செய்கிற காரியம்தான். அதோடு, ஏப்ரல் கணக்கை வைத்து ஜூனில் யார் முடிவெடுப்பார்? ஒன்பது வாரம் ஓடிவிட்டது.

ஏப்ரல் 22, மதியம்

இன்னொரு திருத்தம். "14 முறை மட்டை பிடித்தார்" என்று எழுதினேன். 14 என்பது அட்-பேட் கணக்கு. வாக் (அடிக்காமல் நடந்தே முதல் பேஸுக்குப் போவது), தியாக அடி (தான் அவுட் ஆகி மற்றவரை நகர்த்துவது) எல்லாம் அதில் சேராது. ரோசெஸ்டரின் டேலஸ் வில்லியம்ஸ் 15 தடவை வந்தார், இரண்டு தடவை தியாக பண்ட் (மெல்லத் தட்டிவிடும் தியாக அடி), அதனால் கணக்கில் 13தான். 13க்கு 0. அவர் பக்கமிருந்து இந்த ஆட்டத்தை எழுதினால் அது வேறு இழை. யாராவது தொடங்குங்கள், எனக்குத் தெம்பு இல்லை.

ஏப்ரல் 25, இரவு 9.15

குளிரைப் பற்றிக் கேட்டவருக்கு. உடைந்த மட்டைகளையும் பெஞ்சிலிருந்து பெயர்த்த பலகையையும் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர் காய்ந்தார்கள். போகிக்குக்கூட நாம் பழையதைத்தான் எரிப்போம். இவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சையே எரித்தார்கள். எதிர்க்காற்று வேறு. சாம் போவன் அடித்த ஒரு பந்து மதிலைத் தாண்டும் என்று எல்லோரும் நினைத்தபோது காற்று அதைத் திருப்பி உள்ளே போட்டது.

கோசா வயோமிங் மாநிலத்தின் டோரிங்டன் ஊர்க்காரர். அந்தப் பக்கத்துக் குளிருக்கு முன்னால் இது சும்மா என்று முதலில் எழுதி அழித்தேன். குளிர் பழகியவருக்கும் விரல் மரத்துப்போகும். ஃபர்ஸ்ட் பேஸில் நின்று, கட்டைபோல் இறுகிய பந்தை இரவு முழுவதும் வாங்குவது எந்த ஊர்க்காரருக்கும் ஒன்றுதான். ரோசெஸ்டர் 33 இன்னிங்ஸும் முழுசாக ஆடியது, அதாவது பாட்டக்கெட் 99 அவுட் எடுக்க வேண்டியிருந்தது. அந்த 99க்கும் தயாராக ஒரு கால் பேஸ் பக்கம் இருந்தாக வேண்டும்.

ஏப்ரல் 25, இரவு 9.40

ஏன் அவ்வளவு நேரம் விட்டார்கள்? இரவு 12.50க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீக் விதி இருந்தது. அந்த வருடம் நடுவர்களிடம் இருந்த கையேட்டில் அந்த வரி மட்டும் விடுபட்டிருந்தது. கையேட்டில் இல்லை, அதனால் ஆடு. கடைசியில் லீக் தலைவர் ஹெரால்ட் கூப்பரை எப்படியோ ஃபோனில் பிடித்து, அவர் நிறுத்தச் சொன்னார்.

பாட்டக்கெட் மேனேஜர் ஜோ மார்கன் 22வது இன்னிங்ஸிலேயே நடுவரோடு சண்டை போட்டு வெளியே அனுப்பப்பட்டார். பேட்டருக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மிச்சத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் போக வழி கிடைத்தும் போகாத ஆள்.

போனவரின் கதி இது. லூயிஸ் அப்பான்டே நான்கு இன்னிங்ஸ் பந்து போட்டுவிட்டு விடியற்காலை வீட்டுக்குப் போனார். எங்கே போயிருந்தாய் என்று மனைவி. ஆட்டத்தில் என்று இவர். நம்பவில்லை. பேப்பரைப் பார் என்றால், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் அச்சுக்குப் போன பிறகும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. திங்கள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. கூத்துப் பார்த்துவிட்டு விடிந்து வந்து திண்ணையில் படுத்த தாத்தாக்களுக்கு இது புதிது இல்லை.

மே 3

"டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு முன்னால் இதெல்லாம் என்ன" என்று ஒருவர் இழுத்துவிட்டார். சரி, இழுத்ததால் சொல்கிறேன். 1939 மார்ச், டர்பன், கால வரையறை இல்லாத டெஸ்ட். மார்ச் 3ல் தொடங்கி 14 வரை. இங்கிலாந்துக்கு 696 இலக்கு, 654க்கு 5 விக்கெட். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று டிரா. அதில் பில் எட்ரிச் அடித்தது 219. நம்முடைய ஆட்டத்தில் இரண்டு அணியின் அட்-பேட்டையும் கூட்டினால், பாட்டக்கெட் 114, ரோசெஸ்டர் 105, அதுவும் 219. இதற்கு எந்த அர்த்தமும் இல்லை. கணக்கு எழுதினவன் கண்ணுக்கு இப்படித்தான் படும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எட்ரிச் ஒரே மூச்சில் மணிக்கணக்கில் நின்று அடித்தார். கோசா அடுத்த முறைக்காக வரிசை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். போவதும் வருவதும், மறுபடி கையுறை மாட்டி நிற்பதும். பதினான்கு சின்ன ஆட்டம்.

மே 17, இரவு 11

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து ஒன்று கேட்டிருக்கிறார்: "ஒன்பது தடவை அவுட் ஆனவரைத்தான் நாயகன் என்கிறீர்கள்."

நியாயம். இரண்டு நாள் இதையே யோசித்தேன். முதல் குறிப்பில் பாக்ஸையும் ரிப்கனையும் "தாண்டியவர்" என்று எழுதியது எனக்கே இப்போது பிடிக்கவில்லை. 14க்கு 5, 12க்கு 4. இதில் என்ன தாண்டல்? இரண்டும் ஒரே உயரம். கோசாவைத் தூக்க வேண்டும் என்பதற்காகப் பெரியவர்களைக் கீழே இறக்கினேன். அவருக்கு அது தேவையே இல்லை. அதுவும் ரிப்கன் 33 இன்னிங்ஸும் மூன்றாவது பேஸில் நின்றார்; பின்னாளில் மேஜர் லீகில் 2,632 ஆட்டம் தொடர்ந்து ஆடிய உடம்புக்கு அன்றைக்கே ஒத்திகை.

ரோசெஸ்டரின் ஜிம் அம்பார்கர் 23வதிலிருந்து 32வது வரை பத்து இன்னிங்ஸ் போட்டு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பத்து இன்னிங்ஸில் கோசாவும் மற்றவர்களும் அவர் முன்னால் வந்து வந்து போனார்கள். என் கோசா தாளில் அம்பார்கர் வெறும் தடையாகத்தான் தெரிகிறார். ஒரே ஆளைப் பார்ப்பதில் உள்ள கோளாறு இது: எதிரே இருப்பவனின் நல்ல நாள் நமக்குக் கெட்ட நாளாகவே எழுதப்படும்.

மே 17, இரவு 11.20

ஆனால் அதிர்ஷ்டம் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதிர்ஷ்டம் வரிசையில் இருந்தது, அந்த நேரத்தில் அவர் முறை வந்தது. பந்தை அடித்தது அவர்.

மே 18

ஜூன் 23க்கு ஏன் அவ்வளவு கூட்டம் என்று கேட்டிருந்தார்கள். ஜூன் 12லிருந்து மேஜர் லீக் வீரர்கள் வேலைநிறுத்தம். நாடு முழுக்க பேஸ்பால் நிருபர்களுக்கு எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் பாட்டக்கெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மேஜர் லீக் வாசலில் ஏழெட்டு வருடமாகத் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க, உள்ளே விளக்கணைந்தபோதுதான் ஆள் வந்தது. 33வதின் மேல்பாதியில் பாப் ஒஹீடா பந்து போட்டார், கீழ்ப்பாதியில் கோசா முடித்தார். ஒஹீடா மேலே போனார், பாக்ஸ், பாரெட் போனார்கள். கோசாவுக்கு அழைப்பு வரவில்லை. கடைசிவரை.

மே 18, பிற்பாடு

"ஏழெட்டு வருடம்" என்று வேகத்தில் பொதுவாக எழுதிவிட்டேன். ஆளுக்கு ஆள் மாறும். அதை விட்டுவிடுங்கள்.

ஜூன் 8

மெக்காய் ஸ்டேடியத்தை 2025ல் இடித்தார்கள். அணி 2021லேயே மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போய்விட்டது. வழியில் போகும்போது வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். வேலி போட்டிருந்தது. அதிகம் நிற்கவில்லை.

இங்கே ஒரு குட்டு உடைக்க வேண்டும். என் முதல் ஒற்றை ஆள் தாள், அந்த 4க்கு 0 ஃபர்ஸ்ட் பேஸ்காரர், அது முழுசு இல்லை. ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் பார்க்கிங்கில் மாட்டிக்கொள்வோம் என்று மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடைசிக் கட்டங்களை மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் நிரப்பினேன். அவர் எட்டாவதில் கடைசியாக எப்படி அவுட் ஆனார் என்று நான் பார்க்கவே இல்லை. அந்தக் கட்டத்தில் இருப்பது வேறு யாரோ பார்த்த அவுட். 19 பேரைப் பற்றி இரண்டு மாதமாக இங்கே அளந்துகொண்டிருப்பவன், முடியுமுன் எழுந்து போன அந்த 1,721 பேரின் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

ஜூன் 21

தாள் எப்படித் தயாரிப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. கோடு போட்ட நோட்டு, இன்னிங்ஸுக்கு ஒரு பத்தி; மேலே அவர் மட்டை பிடித்தது, கீழே அவரிடம் வந்த பந்து. ஃபர்ஸ்ட் பேஸுக்கு எண் 3. ஷார்ட்ஸ்டாப் எடுத்து எறிந்தால் 6-3. கோசாவுக்காக மூன்று தாளை ஒட்டி 33 பத்தி போட்டுவைத்திருக்கிறேன். 21வதில் ஒரு டபுள், ஒரு ரன். 33வதில் ஒரு சிங்கிள்.

அடுத்த சில நாளில் வூஸ்டரில் ஒரு ஆட்டம் பார்க்க உத்தேசம். மகள் இப்போது வேலைக்குப் போகிறாள், அவளே வண்டி ஓட்டுகிறேன் என்றாள். ஃபர்ஸ்ட் பேஸில் யார் என்று இன்னும் பார்க்கவில்லை, யாரானாலும் சரி. "எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போனா?" என்று கேட்டேன். இரண்டு போர்வையை எடுத்து வண்டியில் போட்டாள். ஜூன் மாதத்தில்.